கேஜ் கோதண்டம் காரணம் எழுதுவதில்லை

கொரட்டூர்
16 ஜூன் 2025

அண்ணா,

உன்னைப் போனில் பிளாக் செய்துவிட்டேன், வாட்ஸ்அப்பிலும். பேசினால் நீ என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய், சிரித்துவிட்டால் சண்டை உன் பக்கம் முடிந்துவிடும். அதனால் தபால். கல்லூரி முடித்து பத்து வருஷம் கழித்துப் பேனாவால் எழுதும் முதல் கடிதம், உன்னைத் திட்ட.

நேற்று ஞாயிறு. காவ்யாவுக்கு இட்லி ஊட்டிக்கொண்டே டிவியில் உன் ‘குல்பி காலனி’ கார்ட்டூனைப் போட்டேன். உன் கேஜ் கோதண்டம் வந்தான். காக்கி அரைக்கைச் சட்டை, பையில் இரும்பு ஸ்கேல், இடது காலை இழுத்து இழுத்து ஒரு நடை. கண்ணில் பட்டதையெல்லாம் அளந்து, சிவப்புப் புள்ளி வைத்து, “தள்ளு, ரிஜெக்ட்!” என்பான். கடைசியில் காலனிப் பிள்ளைகள் அவனைச் சாக்கடையில் தள்ளுவார்கள். இரண்டு வருஷமாக இதே கதை. அது அப்பாதான் என்று முதல் வாரமே எனக்குத் தெரியும். ஆவடி தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருஷம் இன்ஸ்பெக்ஷன் செக்ஷனில் கேஜ் வைத்து உதிரிபாகங்களை அளந்தவர், காலில் இரும்பு விழுந்து நடை மாறினவர், வேறு யார்? இருந்தும் பொறுத்துக்கொண்டேன். சிரிக்கவும் சிரித்தேன், இல்லையென்று சொல்லவில்லை.

ஆனால் நேற்று கோதண்டம் ஆஸ்பத்திரிக்குப் போனான். வீல்சேரில் நோயாளி உட்கார்ந்திருக்க, சக்கரம் ஆடுகிறது என்று கீழே உட்கார்ந்து ஸ்பானரால் திருகினான். பின்னால் கூட்டம் கத்தியது. சக்கரம் கழன்று ஓடியது, நோயாளி எழுந்து ஓடினாள், பின்னணியில் அந்தச் சிரிப்புச் சத்தம்.

அது அம்மா.

ஸ்கேனுக்குக் கூட்டிப் போகும்போது அந்த வண்டி ஆடியது. அப்பா பையிலிருந்த ஸ்பானரை எடுத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். வார்டு பாய் கத்தினான். அம்மா அவர் தலையில் கை வைத்து, “விடுங்க, இன்னும் கொஞ்ச தூரம்தானே” என்றாள். அப்போது நீ ஹைதராபாத்தில் இருந்தாய். பதினாறாம் நாள் முடிந்து உன்னை சென்ட்ரலில் ரயில் ஏற்ற வந்தபோது இதை நான் உனக்குச் சொன்னேன். நீ அழுதாய். அழுதுகொண்டே மனசுக்குள் குறித்துக்கொண்டாயா?

காவ்யா கைதட்டிச் சிரித்தாள். அவளுக்கு அம்மாச்சியின் முகமே மறந்துகொண்டிருக்கிறது. நான் ரிமோட்டைத் தேடினேன். தேடின வேகத்தில் இட்லி சோபாவில் விழுந்தது.

அப்பா இதெல்லாம் பார்ப்பதில்லை, செய்தி மட்டும்தான். ஆனால் எங்கள் அடுக்ககத்தில் மூன்று பிளாக் பிள்ளைகளும் அவர் பின்னால் காலை இழுத்து நடக்கிறார்கள். விளையாடுகிறார்கள் என்று நினைத்து அவரும் சிரிக்கிறார். தெரிந்துவிட்டால் இந்த வீட்டில் இருக்க மாட்டார். எங்கே போவார்? அதுதான் எனக்குப் பயம்.

கோதண்டத்தை நிறுத்து. அது வரைக்கும் நான் உன்னுடன் பேசுவதாக இல்லை.

தாட்சாயிணி


ஹைதராபாத்
27 ஜூன் 2025

தாட்சி,

ரெஜிஸ்டர் தபால் என்றதும் கோர்ட் சம்மன் என்று நினைத்தேன். பிரித்தால் அதைவிட மோசம்.

வீல்சேர் விஷயம் தப்பு. ஒப்புக்கொள்கிறேன். எழுதி முடித்த பிறகு இரண்டு நாள் அதை வெளியே எடுத்து வைத்தேன். மூன்றாம் நாள் வேறெதுவும் வரவில்லை, திரும்ப உள்ளே போட்டேன். என் தொழில் அப்படி. வாராவாரம் ஒரு மனுஷன் விழ வேண்டும், அவன் விழுவதற்குக் காரணம் வேண்டும்.

ஆனால் மற்றதையெல்லாம் நான் எங்கிருந்து எடுத்தேன்? பாலில் தெர்மாமீட்டர் விட்டுப் பார்ப்பது, பூமாலையின் நீளத்தை அளந்து கடைக்காரியிடம் திருப்பிக் கொடுப்பது, லிஃப்டுக்குள் போகும் முன் டார்ச் அடித்துக் கயிற்றைப் பார்ப்பது. வாரத்துக்கு இரண்டு போன் செய்து, “அண்ணா, இன்னைக்கு என்ன ஆச்சு தெரியுமா, உசிரை வாங்கறார்” என்று யார் புலம்பியது? நான் உன்னிடம் எதையும் பிடுங்கவில்லை. நீ சொன்னாய், சிரித்தாய், நானும் சிரித்தேன். பிறகு உட்கார்ந்து எழுதினேன். இப்போது நீ மட்டும் கழுவின கை.

என் பங்குக்கும் ஒன்று இருக்கிறது. நான் ஒன்பதாவது படிக்கும்போது குவார்ட்டர்ஸ் தண்ணீர்த் தொட்டியையும் அதன் கீழே வரிசையில் நிற்கும் பெண்களையும் சார்ட்டில் வரைந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? இரண்டு வாரம் வரைந்தேன். அவருடைய செக்ஷன் நண்பர்கள் நான்கு பேர் காபி குடிக்க வந்திருந்தார்கள். எடுத்துப் போய்க் காட்டினேன். அவர் பையிலிருந்து அந்தச் சிவப்புப் பெயிண்ட் பேனாவை எடுத்து, நட்டநடுவில் ஒரு புள்ளி வைத்து, “தள்ளு” என்றார். நான்கு பேரும் சிரித்தார்கள். என்ன தப்பு என்று இந்த நிமிஷம் வரை அவர் சொன்னதில்லை. அன்றைக்கு நான்கு பேர் சிரித்தார்கள். இன்றைக்கு எத்தனை லட்சம் பேர் சிரிக்கிறார்கள் என்று சேனல் எனக்கு வாராவாரம் கணக்கு அனுப்புகிறது.

கோதண்டத்தை நிறுத்த முடியாது. பிள்ளைகளுக்குக் கதாநாயகர்களைவிட அவனைத்தான் பிடிக்கும். பென்சில் பாக்ஸில் அவன், தண்ணீர் பாட்டிலில் அவன். அவன் குரலும் என் குரல். நீ கவனிக்காமல் இருந்திருக்க மாட்டாய்.

அவர் பார்க்கப் போவதில்லை. நீ வீணாகப் பயப்படுகிறாய். சின்ன வயதிலிருந்தே அதுதான் உன் வேலை.

கார்த்தி


கொரட்டூர்
14 ஜூலை 2025

அண்ணா,

பார்த்துவிட்டார்.

சனிக்கிழமை எங்கள் அடுக்ககத்தின் ஆண்டு விழா, பிள்ளைகளுக்கு மாறுவேடப் போட்டி. காவ்யாவுக்குப் பாரதமாதா வேஷம் வாடகைக்கு எடுத்து வைத்திருந்தேன். அவளோ எனக்குத் தெரியாமல் தாத்தாவிடம் போய்ப் பழைய காக்கிச் சட்டையையும் ஸ்கேலையும் கேட்டிருக்கிறாள். பேத்தி தன்னைப் போல வேஷம் போடுகிறாள் என்று அவருக்கு ஒரே பெருமை. சட்டையை அவரே இஸ்திரி போட்டு, கையை மடித்து ஊக்கு குத்தி, மேடைக்குப் பின்னால் கொண்டு வந்து விட்டுவிட்டு, முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் பார்க்கும்போது அவள் மேடை ஏறியாகிவிட்டது.

இடது காலை இழுத்து நடந்தாள். மைக்கை அளந்தாள். “தள்ளு, ரிஜெக்ட்!” என்று உன் குரலில் சொன்னாள். கூட்டம் எழுந்து நின்று கத்தியது, “கோதண்டம்! கேஜ் கோதண்டம்!” அப்புறம் ஒவ்வொருத்தராகத் திரும்பி அப்பாவைப் பார்த்தார்கள். எங்கள் செக்ரட்டரி நாகவல்லி மைக்கிலேயே, “ஒரிஜினல் இங்கயே குந்திகினு கீறாரு, அவருக்கும் ஒரு கைத்தட்டல் குடுங்கப்பா” என்றாள். காவ்யாவுக்கு முதல் பரிசு. ஓடி வந்து அவர் மடியில் ஏறி, “தாத்தா, உன்ன மாதிரியே செஞ்சேன்ல?” என்று கேட்டாள். “செஞ்சடா கண்ணு” என்றார். அந்தச் சட்டையை அவரே கழற்றிவிட்டார். ஊக்கு குத்திவிடக் கூடாதென்று பார்த்துப் பார்த்துக் கழற்றினார்.

ஞாயிறு முழுக்க டேப்லெட்டில் முதலிலிருந்து வரிசையாகப் பார்த்தார். கோதண்டம் வரும் எபிசோடு மட்டும் முப்பத்தொன்று. பக்கத்தில் நோட்டுப் புத்தகம். சாப்பிடக் கூப்பிட்டேன், கையைக் காட்டி அமர்த்தினார். ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை, ஒரு தடவைகூடக் கோபப்படவில்லை. செக்ஷனில் ஒரு லாட் உதிரிபாகம் வந்தால் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார்.

இன்று காலை நோட்டை என் முன்னால் வைத்தார். பாலில் தெர்மாமீட்டர்: காவ்யா பிறந்த பிறகு. லிஃப்ட், டார்ச்: போன வருஷம். பூமாலை: போன தை. வீல்சேர்: புஷ்பா. அம்மாவின் பெயர் மட்டும், தேதி இல்லை. இப்படிப் பதினெட்டு வரி. ஒவ்வொன்றுக்கும் எதிரே, ‘கார்த்திகேசன் ஊரில் இல்லை.’ கடைசியில், ‘மூலம்: வீடு.’

“ஒரு பீஸ்ல குறைன்னா அது எந்த மிஷின்ல ஆரம்பிச்சுதுன்னு பாக்கறதுதாம்மா என் வேலை” என்றார். “அவன் இங்க இல்ல. இதெல்லாம் அவனுக்கு யாரு சொன்னது?”

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். நோட்டை மூடிக்கொண்டு போனார். கதவருகே நின்று, “அவன் ஒரு எடத்துலயும் காரணம் எழுத மாட்டேங்கறான்” என்று மட்டும் சொன்னார்.

உனக்குத் தெரியாது, நான் அப்புறம்தான் நினைவுபடுத்திக்கொண்டேன். அவர்கள் செக்ஷனில் சிவப்புப் புள்ளி வைத்தால் கூடவே ஒரு சீட்டு கட்ட வேண்டும். என்ன குறை, எத்தனை மில்லிமீட்டர், பார்த்தது யார். சீட்டு இல்லாமல் எதையும் தள்ள அவருக்கு உரிமை கிடையாது. சரிசெய்து கொண்டு வந்தால் மறுபடி பார்த்தே ஆக வேண்டும்.

நீ எழுதினது சரிதான். புலம்பினது நான்தான். மாமியார் வீட்டைப் பற்றிச் சொல்ல முடியாது, ஆபீஸில் சொல்ல முடியாது, பிள்ளைக்கு இருமல் வந்தால் விடிய விடிய உட்கார்ந்திருக்கிற பயத்தை யாரிடமும் சொல்ல முடியாது. அண்ணனிடம் சொன்னேன். அண்ணன் என்றால் சொன்னது அங்கேயே நிற்கும் என்று நினைத்தேன். அது என் முட்டாள்தனம்.

இனிமேல் என்னிடமிருந்து உனக்கு எதுவும் கிடைக்காது.

தா.


ஹைதராபாத்
25 ஜூலை 2025

தாட்சி,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். என்னைப் பற்றி அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி, அதுவும் நான் ஊரில் இல்லை என்று நிரூபிக்க. இரண்டு வருஷம் நான் எழுதியதில் அவர் பார்த்தது பதினெட்டுத் தகவல்கள் மட்டும்தான். நன்றாக வரைந்திருக்கிறான், மோசமாக வரைந்திருக்கிறான், ஏதாவது ஒன்று? கிடையாது. எனக்கு ஆச்சரியமாக இல்லை.

அடுத்த மாதத்திலிருந்து கோதண்டத்தைக் கொஞ்சம் நல்லவனாக்கலாமா என்று கேட்டேன். சேனலில் சிரித்தார்கள். நல்லவனாகிவிட்டால் யார் பார்ப்பார்கள் என்றார்கள்.

அவர் இப்போது எதையும் அளப்பதில்லை, எதுவும் சொல்வதில்லை என்று விஷால் மாப்பிள்ளை மெசேஜ் அனுப்பியிருந்தார். அப்படியானால் வீடு அமைதியாக இருக்குமே. கேஸைப் பார், கதவைப் பார், பிள்ளை செருப்பைப் பார் என்று நச்சரிக்க ஆள் இல்லை. நீ வேண்டிக்கொண்டதும் அதைத்தானே?

காவ்யாவுக்கு ஒரு டிபன் பாக்ஸ் அனுப்பியிருக்கிறேன். மூடியில் கோதண்டம், நானே வரைந்தது. வேண்டாமென்றால் தூக்கிப் போட்டுவிடு.

கார்த்தி


கொரட்டூர்
11 ஆகஸ்ட் 2025

அண்ணா,

வீடு அமைதியாகத்தான் இருந்தது. அந்த அமைதி எப்படி முடிந்தது என்று சொல்கிறேன், கேள்.

தினமும் காலையில் காவ்யாவைப் பள்ளி வேனில் ஏற்றிவிடுவது அப்பாதான். முன்பெல்லாம் ஏற்றும் முன் டயரைத் தட்டிப் பார்ப்பார், கதவை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார். வேன்காரர் பரந்தாமன் என்னிடம் முறையிட்டார், நானும் அதை அப்பாவிடம் சொன்னேன். அதையும் உனக்குப் போனில் சொல்லிச் சிரித்தேன். இருபத்து நான்காவது எபிசோடு. நோட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

வியாழக்கிழமை எஸ்டேட் ரோட்டில் திரும்பும்போது வேன் கதவு திறந்துகொண்டது. கதவோரம் உட்கார்ந்திருந்தது காவ்யா.

உயிருக்கு ஒன்றுமில்லை. வேன் மெதுவாகத்தான் வந்தது. இடது கை முறிவு, தாடையில் மூன்று தையல். மற்றப் பிள்ளைகளுக்கு எதுவும் இல்லை. இதை எழுதுவதற்கு எனக்கு நான்கு நாள் ஆயிற்று.

கதவின் கொக்கி போய் ஒரு வாரமாம். நைலான் கயிற்றால் கட்டி ஓட்டியிருக்கிறார். கேட்டதற்கு, “சனிக்கெழமை மெக்கானிக்காண்ட உட்லாம்னு இருந்தேன்மா, அதுக்குள்ள இப்டி ஆயிப்பூட்ச்சு” என்று அழுதார். அவரை அடிக்கப் போனேன். விஷால் பிடித்துக்கொண்டார்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஒரு வாரம். ஒரு வாரமாக அந்தக் கதவைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் யார்?

ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

“தினம் நீங்கதானேப்பா ஏத்திவிடறீங்க. கயித்தப் பாக்கலையா?”

“பாத்தேன்.”

“ஏம்பா சொல்லல?”

“சொன்னா டீவில வரும்.”

இதைச் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டார். அண்ணா, அவர் என்னைப் பழிவாங்கவில்லை. முகத்தைப் பார்த்தேன். அந்தக் கயிற்றை அவர் ஒவ்வொரு நாளும் பார்த்திருக்கிறார், வாய் வரை வந்ததை ஒவ்வொரு நாளும் விழுங்கியிருக்கிறார். பிள்ளை கீழே விழுந்த பிறகும் அந்தப் பதில்தான் அவரிடம் இருந்தது. பேத்தியைவிட வீம்பு பெரிதா என்று கத்த வாயைத் திறந்தேன். அந்த வீம்பை அவருக்குக் கொடுத்ததே நானும் நீயும்தான்.

எக்ஸ்ரேவுக்கு அவளை வீல்சேரில் வைத்துத் தள்ளினார்கள். முன்சக்கரம் ஆடியது. எனக்கே கேட்டது. அப்பா சக்கரத்தைப் பார்த்தார், அப்புறம் நிமிர்ந்து நடந்தார். பையில் ஸ்பானர் இல்லை. நான்தான் அந்த வண்டியை ஒரு பக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டே போனேன்.

உன் சார்ட்டில் அவர் காரணம் எழுதாமல் புள்ளி வைத்தது தப்பு. நானும் அங்கே இருந்தேன், காபி டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். மறுக்கவில்லை. அதற்கு அவரை நேரில் கேட்டிருக்கலாம். திட்டியிருக்கலாம். இருபது வருஷம் பேசாமல் இருந்துவிட்டு, ஊரைக் கூட்டி அவரைச் சாக்கடையில் தள்ளினாய். அதுவும் அம்மாவை வண்டியில் வைத்து.

உன்னை மன்னிக்கத் தோன்றவில்லை. என்னையும்.

தாட்சாயிணி


ஹைதராபாத்
18 ஆகஸ்ட் 2025

தாட்சி,

விஷாலிடம் பேசினேன், குழந்தை தூங்குகிறாள் என்றார். பிறகு மூன்று தடவை பேசினேன், மூன்று தடவையும் தூங்குவதாகச் சொன்னார். பக்கத்தில் நீ நின்றிருக்கிறாய் என்று தெரியும்.

வீல்சேர் எபிசோடை எடுத்துவிட்டார்கள். அதற்கு நான் ராஜினாமாக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. கோதண்டம் அவர்களுடைய சொத்து, அவன் இருப்பான். குரல் மட்டும் இனி என்னுடையது இல்லை, வேறு ஆள் பேசுவான். இதை ஒரு பெரிய தியாகம் போல எழுத மூன்று தாள் கிழித்தேன். உண்மை என்னவென்றால், போன வாரம் ஸ்டூடியோவில் மைக் முன்னால் நின்றேன், ‘தள்ளு’ வரவில்லை. நான்கு டேக்.

அப்பாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். ‘அன்புள்ள அப்பா’வுக்கு மேல் ஓடவில்லை. என் கோபம் பொய் இல்லை தாட்சி, அதை விட்டுவிட்டேன் என்று சொன்னால் அதுதான் பொய். ஆனால் அந்தக் கயிறு ஞாபகம் வந்துகொண்டே இருக்கிறது. நான் பார்க்காத கயிறு.

நான் வரட்டுமா?

கார்த்தி


கொரட்டூர்
2 செப்டம்பர் 2025

அண்ணா,

உடனே பதில் எழுதவில்லை. உன்னை வா என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, வராதே என்று சொல்ல உரிமையும் இல்லை.

இந்த மூன்று வாரமாக அவரைப் பேச வைக்க எல்லாம் செய்து பார்த்தேன். குக்கரில் கேஸ்கெட் போடாமல் மூடினேன். எழுந்து வந்து, எடுத்துப் போட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனார். கேஸ் வால்வை மூடாமல் ஆபீஸுக்குக் கிளம்பினேன். பின்னாலேயே மூடியிருக்கிறார், எனக்குச் சொல்லவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். “சரிம்மா” என்றார். அந்தச் ‘சரிம்மா’வுக்குப் பதில் அவர் கத்தியிருக்கலாம்.

நேற்று காவ்யாவுக்கு மாவுக்கட்டு பிரித்து முதல் நாள் பள்ளி. இப்போது நான்தான் கொண்டு விடுகிறேன். உன் டிபன் பாக்ஸை நான் மேல்தட்டில் போட்டிருந்தேன், அவள் ஸ்டூல் போட்டு எடுத்து வந்துவிட்டாள். கட்டுப் பிரித்த கையில் இன்னும் பலமில்லை, ஒரு கையால் மூட முடியாமல் நேரே தாத்தாவிடம் போனாள். நான் சமையலறையிலிருந்து பார்த்தேன். அவர் பெட்டியை வாங்கி, மூடியில் இருந்த கோதண்டத்தை ரொம்ப நேரம் பார்த்தார். நான் அடுப்பை அணைத்துவிட்டேன்.

அப்புறம் அலமாரியைத் திறந்து ஸ்கேலை எடுத்தார்.

கிளிப்பை அளந்தார். தண்ணீர் ஊற்றி மூடித் தலைகீழாகக் கவிழ்த்தார். ஒழுகியது. சிவப்புப் பேனா காய்ந்துபோயிருந்தது, என் நெயில் பாலிஷைக் கேட்டு வாங்கிப் பெட்டியின் அடியில் புள்ளி வைத்தார். படத்தின் மேல் வைக்கவில்லை, அடியில் வைத்தார். காலண்டர் தாளைக் கிழித்துச் சீட்டு எழுதி, காவ்யாவின் ரிப்பனால் கைப்பிடியில் கட்டி, என் முன்னால் வைத்தார். “அனுப்பினவனுக்கே திருப்பி அனுப்பு” என்றார். ஐம்பது நாளில் அவராக வாய் திறந்து சொன்னது அதுதான்.

பெட்டியைக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். வழியில் சீட்டு அவிழ்ந்துவிடுமோ என்று பயம், உனக்குத்தான் தெரியுமே என் வேலை என்னவென்று. அதனால் இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

‘பொருள்: டிபன் பாக்ஸ், ஒன்று.
மூடி: இடது கிளிப் இரண்டு மில்லிமீட்டர் குறைவு. சாம்பார் கசியும். ரிஜெக்ட்.
படம்: அளக்க என்னிடம் கேஜ் இல்லை. அன்றும் இல்லை.
பார்த்தது: கா. சண்முகசுந்தரம்.’

என் கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது. காவ்யாவின் தாடைத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் கூடுகிறது. அது எனக்கும் உனக்கும் நடுவில் உள்ளது, அதை வைத்துக்கொள்வோம்.

பெட்டியைச் சரிசெய்து நீயே கையில் எடுத்துக்கொண்டு வா. கூரியரில் வந்தால் நான் வாங்க மாட்டேன்.

தாட்சாயிணி